சோளமும் சித்தமும்: பெலக்ரா நோயின் வரலாறு காட்டும் உண்மை

உடல் நோய் வேறு, உள நோய் வேறு என இரண்டாகப் பிரித்து, முன்னதை வைத்தியரிடமும் பின்னதை விதியிடமும் ஒப்படைத்துவிடும் வழக்கம் நெடுங்காலமாகவே நிலவி வருகின்றது. நித்திரையின்றித் தவிப்பவனை மனவுறுதியற்றவன் என்கிறோம். சிறு ஒலிக்கும் திடுக்கிடுபவனைக் கோழை என்கிறோம். எழுந்து நடமாட மனமின்றிச் சோர்ந்து கிடப்பவனைச் சோம்பேறி என்கிறோம். அவனது உண்கலத்தில் என்ன இருந்தது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. இந்த ஒரு வினா உரிய காலத்திற் கேட்கப்படாமையால் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல்லாயிரம் ஏழை மக்கள் சித்தம் கலங்கி மாண்ட வரலாறு ஒன்றுண்டு. அதுவே பெலக்ரா என்னும் நோயின் வரலாறாகும்.

திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம் உணவைப் பற்றியே பெரிதும் பேசுகின்றது. முன்னர் உண்டது செரித்தமையை அறிந்து, அளவோடு உண்பவனுக்கு வேறு மருந்து வேண்டியதில்லை என்பது அதன் சாரம். நோயையும் நோயின் மூலத்தையும் ஆராய்ந்தே மருத்துவம் செய்தல் வேண்டும் என்ற கருத்தும் அவ்வதிகாரத்திலேயே இடம்பெறுகின்றது. எனினும் அங்கு அறிவுரை கூறப்படுவது, எதை உண்பது, எதை விடுப்பது எனத் தானே தீர்மானிக்கக் கூடிய ஒருவனுக்கு என்பதை நாம் மறத்தலாகாது. தன் உணவைத் தானே தெரிவு செய்ய இயலாதவனின் நோய்க்கு மூலம் எது? அதனை எங்கே தேடுவது? உணவு, உறக்கம், உள்ளம், உடல் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதையும், அப்பிணைப்பின் வேர் சமூக அமைப்பிலே ஊன்றியிருக்கக் கூடும் என்பதையும் பெலக்ராவின் வரலாற்றைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் அதன் குறிகளும்

பெலக்ராவை மருத்துவ நூல்கள் மூன்று குறிகளால் அடையாளப்படுத்தும். அவை தோலழற்சி, வயிற்றுப்போக்கு, சித்தக்கலக்கம் என்பன. மருத்துவம் கிட்டாதவிடத்து நான்காவதாக வருவது மரணம். வெயில் படும் உறுப்புகளாகிய முகம், கழுத்து, புறங்கை, பாதம் ஆகியவற்றிலே தோல் சிவந்து, பின்னர் கறுத்துத் தடித்து உரியும். கழுத்தைச் சுற்றி மாலை அணிந்தாற்போலத் தோன்றும் தழும்பு இந்நோயின் தனி அடையாளமாகும். வாயும் நாவும் புண்ணாகி, உண்பதே வேதனையாகிவிடும்.

இவையாவும் வெளிப்படையான குறிகள். ஆனால் தோலிலே சிவப்புத் தோன்றுவதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே நோயாளி வேறொருவராக மாறத் தொடங்கிவிடுவார். பசி குன்றும், தலை வலிக்கும், இரவிலே நித்திரை வராது. பதகளிப்பு எனப்படும் காரணம் புலப்படாத அச்சம் நெஞ்சைப் பற்றிக்கொள்ளும். சிறு காரியத்துக்கும் சினம் எழும், நினைவு தடுமாறும். நோய் முற்றும்போது இல்லாதவற்றைக் காண்பதும் கேட்பதும் உண்டு. சிலர் தற்கொலை புரிந்தனர். தோலில் எவ்வித மாற்றமுமின்றி, உளக்குறிகள் மாத்திரமே தோன்றுவதும் உண்டு. அத்தகையோர் எவரிடம் சென்றாலும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற பெயரையே பெற்றுத் திரும்பினர். ஆகவே இந்நோயை உடல் நோய் என்பதா, உள நோய் என்பதா என்ற வினாவுக்கு விடையில்லை, அவ்வினாவே பிழையானது.

சோளத்தின் பயணம்

ஸ்பெயினின் வடபகுதியிலுள்ள அஸ்தூரியாஸ் மாநிலத்திலே, ஒவியேதோ நகரில் வைத்தியராயிருந்த காஸ்பார் கசால் 1735ஆம் ஆண்டளவில் இந்நோயை முதன்முதலாக இனங்கண்டார். அங்குள்ள குடியானவர்கள் அதனை ‘ரோசா நோய்’ என்றனர். நோயாளர் யாவரும் வறியவர்கள் என்பதையும், சோளமே அவர்களது முதன்மையான உணவு என்பதையும், இறைச்சியை அவர்கள் அரிதாகவே கண்டனர் என்பதையும் கசால் குறித்துவைத்தார். அவரது நூல் அவர் மறைந்த பின்னர் 1762இல் வெளிவந்தது. இத்தாலியில் 1771ஆம் ஆண்டு பிரான்செஸ்கோ பிரபொல்லி என்பார் மக்கள் வழக்கிலிருந்த ‘பெலக்ரா’ என்ற பெயரை மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தார். கரடுமுரடான தோல் என்பது அதன் பொருள். வட இத்தாலியிலே நோயாளர் தொகை பெருகியமையால் 1784இல் லெஞ்ஞானோ என்னும் ஊரில் பெலக்ரா நோயாளருக்கெனத் தனி வைத்தியசாலை ஒன்று நிறுவப்பட்டது. மனநோய் விடுதிகளும் இந்நோயாளரால் நிரம்பின.

சோளம் ஐரோப்பாவுக்குரிய பயிரன்று. 1492இல் கொலம்பஸின் பயணத்தை அடுத்து அது அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. நிலத்தில் நிறைய விளையும், விலை மலிவு. நிலவுடைமையாளர் கோதுமையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, உழுபவர்க்குச் சோளத்தை விடுத்தனர். ஆனால் சோளத்தின் தாயகமாகிய மெக்சிக்கோவிலே, அதனை ஆயிரமாண்டுகளாக உண்டுவந்த மக்களிடையே இந்நோய் பரவலாகக் காணப்படவில்லை. காரணம் அவர்களது அடுக்களையில் இருந்தது. அங்குள்ள பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, கழுவிய பின்னரே அரைத்தனர். சோளத்திலுள்ள இன்றியமையாத ஊட்டமொன்று உடலாற் பயன்படுத்த இயலாதவாறு கட்டுண்டு கிடப்பது. சுண்ணாம்பு அக்கட்டை அவிழ்த்துவிடுகின்றது. தானியம் கடல் கடந்தது. அதனைப் பதப்படுத்தும் அறிவு கடல் கடக்கவில்லை. அவ்வறிவு வறிய பெண்களின் கையறிவாக இருந்தமையால், தானியத்தைக் கொண்டு சென்ற ஆண்கள் அதனை அறிவென்றே கருதவில்லை எனலாம்.

இதனோடு ஒப்பிடத்தக்க செய்தியொன்று நமது மக்களோடு தொடர்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலே பெரிபெரி நோய் பரவியபோது, இயந்திரத்தில் தீட்டிய வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெருமளவில் நோயுற்றனர். புழுங்கலரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். இவ்வேறுபாட்டை ஆங்கிலேய வைத்தியராகிய பிரடன் 1907இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக எடுத்துரைத்தார். அதே ஆண்டிலே, கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருவகை அரிசியையும் இரு குழுவினர்க்கு வெவ்வேறாக வழங்கி நடத்திய ஆய்வின் முடிவை பிளெச்சர் என்னும் வைத்தியர் வெளியிட்டார். வெள்ளையரிசி உண்ட குழுவிலே நோயும் மரணமும் மலிந்தன; புழுங்கலரிசி உண்ட குழுவிலே அவ்வாறு நிகழவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள விற்றமின் அரிசியின் உள்ளே ஊறிவிடுவதே இதற்குக் காரணம் என்பது பின்னரே விளங்கிற்று. மெக்சிக்கோப் பெண்ணின் சுண்ணாம்பு நீரும், நம் தாய்மாரின் நெல் அவிக்கும் பானையும் செய்த பணி ஒன்றே.

அமெரிக்கத் தென்பகுதியில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களிலே பெலக்ரா 1902ஆம் ஆண்டு முதன்முதலாக அறிக்கையிடப்பட்டது. 1906இல் அலபாமா மாநிலத்தின் மவுண்ட் வேர்ணன் மனநோய் வைத்தியசாலையில் கறுப்பின நோயாளர் 88 பேரை இந்நோய் பற்றிற்று. அவர்களுள் 57 பேர் இறந்தனர். அவர்களைப் பராமரித்த தாதியர் எவரையும் நோய் தொடவில்லை. பின்னர் ஒவ்வொரு மாநிலத்திலும் நோயாளர் இனங்காணப்பட்டனர். 1906 முதல் 1940 வரையான காலப்பகுதியில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் நோயுற்றனர் என்றும், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்படுகின்றது.

தென்பகுதியின் பொருளாதாரம் பருத்தி ஒன்றையே நம்பியிருந்தது. நிலமற்ற குடியானவர், கறுப்பரும் வெள்ளையருமாக, பிறர் நிலத்தைப் பங்குக் குத்தகைக்கு உழுதனர். அறுவடை வரை உண்பதற்கு வேண்டியவற்றை நிலவுடைமையாளரின் கடையிலே கடனாகப் பெற்றனர். அக்கடையில் அவர்க்குக் கிடைத்தவை மூன்று: சோள மா, கொழுப்பு மிகுந்த உப்புப் பன்றியிறைச்சி, கரும்புப்பாணி. வீட்டு வாசல் வரை பருத்தி நடப்பட்டமையால் காய்கறித் தோட்டத்துக்கும் கறவைப் பசுவுக்கும் இடமில்லாது போயிற்று. அக்காலத்திலேயே புதிய ஆலைகள் சோளத்தின் முளையை நீக்கி, கெடாத வெண்ணிற மாவை மலிவாக அனுப்பத் தொடங்கின. இருந்த சிறிதளவு ஊட்டமும் இதனாற் குறைந்தது.

ஆனால் அறிஞர் உலகம் உணவை நோக்கவில்லை. கெட்டுப்போன சோளத்திலுள்ள நஞ்சே காரணம் என இத்தாலியில் லொம்புரோசோ நிலைநாட்ட முயன்றிருந்தார். அமெரிக்காவிலோ கிருமிக் கொள்கை ஓங்கியிருந்த காலம் அது. 1912 முதல் தென் கரோலினாவில் ஆய்வு நடத்திய தொம்சன்–மக்பாடன் ஆணைக்குழு, இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றுவது என முடிவு செய்தது. பரம்பரைத் தூய்மை பேசிய சாள்ஸ் டவன்போட் 1916இல் எழுதிய கட்டுரையிலே, பரம்பரைக் கூறும் இதற்கொரு காரணம் என வாதிட்டார். இக்கருத்துகளின் விளைவைச் சிந்தித்தல் வேண்டும். தொற்று என அஞ்சிய சில வைத்தியசாலைகள் நோயாளரை ஏற்க மறுத்தன, அயலவர் விலகினர். நித்திரையிழந்து, காரணமறியாத அச்சத்தால் வாடிய ஒருவருக்கு, ஊரார் தம்மை ஒதுக்குகின்றனர் என்ற உண்மையான அச்சமும் சேர்ந்துகொண்டது. அவரது சோர்வு சோம்பலுக்குச் சான்றாயிற்று; சோம்பல் வறுமைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. விளைவு காரணமாகவும் காரணம் விளைவாகவும் இடம் மாறின.

கோல்ட்பேர்கரின் ஆய்வுகள்

1914ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை, பெலக்ரா ஆய்வுப் பொறுப்பை டாக்டர் யோசப் கோல்ட்பேர்கரிடம் ஒப்படைத்தது. இவர் 1874இல் அன்றைய ஆஸ்திரிய–ஹங்கேரிப் பேரரசிலே யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, சிறுவயதில் நியூயோர்க்கில் குடியேறியவர். அவர் ஆய்வுகூடத்தில் அமராது, முதலில் மனநோய் விடுதிகளையும் அநாதைச் சிறுவர் இல்லங்களையும் சிறைச்சாலைகளையும் சுற்றிப் பார்த்தார். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், உள்ளிருப்போரைப் பற்றும் நோய் ஊழியரை ஏன் பற்றுவதில்லை என்ற வினாவே அவரது தொடக்கமாயிற்று. தொற்றுநோய் பதவி பார்ப்பதில்லை. உணவே பதவி பார்க்கின்றது.

மிசிசிப்பி மாநிலத்தின் ஜக்சன் நகரிலிருந்த சிறுவர் இல்லமொன்றிலே, ஆறு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளே பெரிதும் நோயுற்றிருந்தனர். சிறு குழந்தைகளுக்குப் பால் வழங்கப்பட்டது. வேலை செய்யக்கூடிய பெரிய பிள்ளைகளுக்கு இறைச்சி சற்றுக் கூடுதலாகக் கிடைத்தது. இடையிலிருந்தோர்க்குச் சோளமும் பாணியுமே எஞ்சின. கோல்ட்பேர்கர் அவ்வில்லங்களுக்கும், ஜோர்ஜியா மாநில மனநோய் விடுதியின் இரு பிரிவுகளுக்கும் பால், முட்டை, இறைச்சி, அவரையினப் பருப்பு ஆகியவற்றை வழங்கச் செய்தார். அடுத்த ஆண்டில் நோய் ஏறக்குறைய முற்றாக மறைந்தது. உதவி நிறுத்தப்பட்டு, பழைய உணவு திரும்பியபோது நோயும் திரும்பிற்று.

நல்லுணவால் நோயைத் தடுக்கலாம் என்பது தெளிவாயிற்று. தீயவுணவால் அதனை உண்டாக்க முடியுமா? 1915இல் மிசிசிப்பியின் ராங்கின் சிறைப் பண்ணையிலே, விடுதலை தருவதாக ஆளுநர் வாக்களித்ததன் பேரில் 12 கைதிகள் முன்வந்தனர். சோளம், தீட்டிய அரிசி, வெள்ளை மா, சீனி, பாணி முதலியன கொண்ட தென்பகுதி ஏழையின் உணவே அவர்க்கு அளிக்கப்பட்டது. இறுதிவரை இருந்த 11 பேருள் 6 பேர் சில மாதங்களிலேயே பெலக்ராவுக்கு ஆளாயினர். சிறைவாசிகளின் உடலை விடுதலைக்கு விலையாகப் பெற்ற இவ்வாய்வு, இன்றைய அறநெறிக்கு ஒவ்வாதது என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். தொற்று வாதத்தைக் கைவிட மறுத்தோருக்காக 1916இல் கோல்ட்பேர்கர் தமது உடலையே ஆய்வுக்கு உட்படுத்தினார். அவரும் அவரது மனைவியும் உடன் பணிபுரிந்தோருமாகிய 16 பேர் நோயாளரின் குருதியை ஊசி மூலம் ஏற்றியும், நோயாளரின் தோற்செதிலையும் கழிவையும் மாவோடு பிசைந்து விழுங்கியும் பார்த்தனர். எவர்க்கும் பெலக்ரா வரவில்லை.

ஆலைக் கிராமங்கள்

1916ஆம் ஆண்டு தொடங்கிய அடுத்த ஆய்வே, வரலாற்று மாணவர் பெரிதும் கருதத்தக்கது. பொருளியலாளராகிய எட்கார் சைடன்ஸ்றிக்கரோடு இணைந்து, தென் கரோலினாவின் ஏழு பருத்தியாலைக் கிராமங்களிலே வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு குடும்பத்தின் வருவாயையும் அது வாங்கிய உணவையும் நோயையும் கோல்ட்பேர்கர் கணக்கெடுத்தார். வருவாய் குறையக் குறைய நோய் மிகுந்தது. வருவாய் ஒத்திருந்தும், அயலிலே பாலும் காய்கறியும் இறைச்சியும் வாங்கத்தக்க சந்தையுள்ள கிராமத்தில் நோய் அருகியும், ஆலையின் கடையை மாத்திரமே நம்பிய கிராமத்தில் நோய் பெருகியும் காணப்பட்டது. குளிர்காலத்தில் ஊட்டமிழந்த உடல், வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் நோயை வெளிக்காட்டிற்று.

வளர்ந்தோருள் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக நோயுற்றனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. உழைக்கும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் இறைச்சித் துண்டை வைத்துவிட்டு, எஞ்சிய சோளத்தைத் தாய் உண்டாள். இரவில் நித்திரையின்றி எழுந்து உலாவியவளும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தவளும், ஈற்றில் மனநோய் விடுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டவளும் அவளே. குடும்பத்தின் பங்கீட்டிலே அவள் விட்டுக்கொடுத்த உணவு அவளது சித்தத்திலிருந்து அறவிடப்பட்டது.

1920இல் பருத்தியின் விலை வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து பெலக்ரா மீண்டும் பெருகும் அறிகுறி தோன்றிற்று. 1921இல் ஜனாதிபதி ஹார்டிங் தென்பகுதியை எதிர்நோக்கும் பஞ்சம் பற்றிப் பேசியபோது, அப்பகுதியின் அரசியல்வாதிகள் பலர் நன்றி கூறாது சினங்கொண்டனர். தமது மண்ணிலே பட்டினி உண்டென்பது அவர்க்கு இழிவாகப் பட்டது. கிருமியால் வந்த நோயெனின் குற்றம் எவருடையதும் அன்று. பரம்பரையால் வந்த நோயெனின் குற்றம் நோயாளருடையது. உணவால் வந்த நோயெனின் குற்றம் உணவைத் தீர்மானிப்போருடையது. ஒரு மருத்துவ உண்மை ஏற்கப்படுவதற்கு இருபதாண்டுகள் சென்றமைக்குச் சான்றுகளின் குறைவு மட்டும் காரணமன்று என்பது இதனாற் புலப்படும்.

நயசினும் நரம்பும்

நாய்களுக்கு வரும் கருநாக்கு என்னும் நோயைக் கொண்டு ஆராய்ந்த கோல்ட்பேர்கர், மலிவான மதுவமே சிறந்த மருந்தெனக் கண்டார். 1927இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்தபோது செஞ்சிலுவைச் சங்கம் 12,000 இறாத்தல் மதுவத்தைப் பகிர்ந்து பலரைக் காத்தது. குறைபட்ட பொருள் எதுவென அறியாமலே கோல்ட்பேர்கர் 1929இல் மறைந்தார். 1937ஆம் ஆண்டு விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொன்றாட் எல்வேயெம், அப்பொருள் நிக்கொட்டினிக் அமிலமே என நிறுவினார். இன்று அது நயசின் எனப்படும்.

இதன் பின் நிகழ்ந்ததே நமது பொருளுக்கு மையமானது. ரொம் ஸ்பைஸ் முதலிய வைத்தியர்கள் 1938இல் இம்மருந்தைச் சித்தக்கலக்கமுற்ற பெலக்ரா நோயாளருக்கு வழங்கினர். கட்டிவைக்கப்பட வேண்டியிருந்தோர் சில நாட்களுக்குள் தெளிந்து, தம் பெயரும் ஊரும் கூறினர். நித்திரையின்மையும் பதகளிப்பும் நீங்கின. பிறவிக் குறை என்றும் பரம்பரைப் பழுது என்றும் சொல்லப்பட்ட ஒன்று, சிறிதளவு வெண்பொடியாலே தீர்ந்துபோயிற்று.

இதன் பொறிமுறை பின்னரே விளங்கிற்று. உடலின் ஒவ்வொரு கலமும் உணவிலிருந்து சக்தியைப் பெறுவதற்கு நயசினால் ஆக்கப்படும் துணைநொதியங்கள் தேவை. அவை குறையும்போது, விரைவாகப் புதுப்பிக்கப்படும் தோலும் குடலும், மிகுந்த சக்தியை வேண்டும் மூளையும் முதலில் தளர்கின்றன. மேலும், திரிப்தோபன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உடல் தானே நயசினை ஆக்கவல்லது என 1945இல் அறியப்பட்டது. நயசின் குறைந்த பால் பெலக்ராவைத் தடுத்தமைக்கு, அதிலுள்ள திரிப்தோபனே காரணம். சோளத்தின் புரதத்திலோ திரிப்தோபன் மிகக் குறைவு. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனினும், உறக்கத்தை ஒழுங்குபடுத்தும் மெலட்டோனினும் இதே திரிப்தோபனிலிருந்தே ஆக்கப்படுகின்றன. எனவே பெலக்ராவின் நித்திரையின்மைக்கும் மனக்கலக்கத்துக்கும் இக்குறைபாடும் ஒரு காரணமாகலாம் எனக் கருதப்படுகின்றது.

சுழலும் வட்டம்

இதுவரை கூறியது உணவிலிருந்து உள்ளத்துக்குச் செல்லும் பாதை. எதிர்த்திசையிலும் பாதையுண்டு. அச்சமும் சினமும் எழும்போது இரைப்பையும் குடலும் தம் அசைவை நிறுத்துவதை ஹாவாட் பல்கலைக்கழக உடற்றொழிலியலாளராகிய வோல்டர் கனன் விலங்குகளில் அவதானித்து, 1915இல் நூலாக வெளியிட்டார். 1999இல் சிக்காகோவிலே 11 இளைஞரை ஆறு இரவுகள் நான்கு மணித்தியாலம் மாத்திரமே உறங்கச் செய்த ஆய்வில், குருதியிலுள்ள குளுக்கோசைக் கையாளும் அவர்களது ஆற்றல் குன்றியமை காணப்பட்டது. பெலக்ரா நோயாளரும் இவ்வட்டத்திலேயே அகப்பட்டனர். ஊட்டக் குறைவு பசியைக் கெடுத்தது. அச்சமும் மனச்சோர்வும் உண்ண மனமற்றவராக்கின. வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் உண்டதையும் பயனற்றதாக்கின. உடல் மேலும் மெலிய, மனம் மேலும் கலங்கிற்று.

மனவுறுதி உடையோர்க்கு இவ்வாறு நேராது என வாதிடுவோர்க்கு 1944–45இல் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் நடத்திய ஆய்வு விடை கூறும். போரில் ஆயுதமேந்த மனச்சாட்சி இடந்தராது மறுத்த 36 இளைஞர் அதற்கு முன்வந்தனர். கொள்கைக்காக அரசையே எதிர்த்து நின்ற அவர்களை மனவுறுதியற்றவர் என எவரும் கூறவியலாது. ஆறு மாதங்கள் அரைப்பட்டினியில் இருந்து, தம் நிறையில் ஏறத்தாழ கால்பங்கை அவர்கள் இழந்தனர். இதயத் துடிப்பு மெதுவாயிற்று; உடல் குளிர்ந்தது. அவற்றோடு எரிச்சலும் மனச்சோர்வும் பதகளிப்பும் வந்தன. நட்பும் படிப்பும் சுவையிழக்க, உணவே அவர்களது சிந்தனை முழுவதையும் பற்றிக்கொண்டது. ஒருவர் தம் கைவிரல்களையே கோடரியால் வெட்டிக்கொண்டார்.

மறைந்ததும் மறையாததும்

1940களில் ரொட்டிக்கும் மாவுக்கும் நயசின் சேர்க்கப்பட்டதாலும், மக்களின் வருவாயும் உணவும் திருந்தியதாலும் அமெரிக்காவில் பெலக்ரா அருகிற்று. ஆயினும் அது உலகைவிட்டு நீங்கவில்லை. தக்காணத்திலே, தமிழகத்தார் சோளம் என்றும் நாம் இறுங்கு என்றும் வழங்கும் தானியத்தை முதன்மையாக உண்ட ஏழைத் தொழிலாளரிடையே இந்நோய் இருந்தமையை ஐதராபாத்தில் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் ஆராய்ந்து 1960இல் எழுதினர். அத்தானியத்திலுள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்தின் மிகுதியே காரணம் என்ற அவர்களது விளக்கம் விவாதத்துக்குரியதாயினும், நோய் சோளத்துக்கு மாத்திரம் உரியதன்று என்பது தெளிவாயிற்று. 1990இல் மலாவியில் தஞ்சம் புகுந்திருந்த மொசாம்பிக் அகதிகளிடையே 18,000க்கு மேற்பட்டோர் பெலக்ராவுக்கு ஆளாயினர். அவர்களது பங்கீட்டிலிருந்த நிலக்கடலை தடைப்பட்டதே அதற்குக் காரணம். நோயின் மூலம் அறியப்பட்டு அரை நூற்றாண்டின் பின்னரும், உணவைத் தாமே தெரிவு செய்ய இயலாத மக்களை அது தேடி வந்தது.

பதகளிப்பும் நித்திரையின்மையும் கொண்டோர் யாவரும் உணவுக் குறையால் அவ்வாறாயினர் என நாம் வாதிடவில்லை. அவற்றுக்கு இழப்பும் போரும் தனிமையும் வேறு நோய்களும் காரணமாதல் உண்டு. ஒரு குளிசையால் எல்லாம் தீரும் என்பதும் இவ்வரலாற்றின் பாடமன்று. உடலின் நிலையையும் உண்ட உணவையும் கேட்டறியாது ஒருவரது மனத்தின் மேல் தீர்ப்பு எழுதலாகாது. உணவைக் கேட்டறிந்த பின்னர், அவ்வுணவு ஏன் அவ்வாறாயிற்று என்ற அடுத்த வினாவையும் கேட்டேயாக வேண்டும். இவ்விரண்டுமே அதன் பாடங்கள். முதல் வினா மருத்துவத்துக்கு உரியது. இரண்டாவது வரலாற்றுக்கும் பொருளியலுக்கும் உரியது. கோல்ட்பேர்கர் ஒரு பொருளியலாளரைத் துணைக்கு அழைத்தமையின் பொருள் இதுவே.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இந்நாட்டிலே பல குடும்பங்கள் உண்ணும் வேளைகளைக் குறைத்தன. முட்டையும் மீனும் பாலும் பல வீடுகளில் அரிதாயின. அது பெலக்ராவின் கதையன்று. எனினும் கடைசியாக உண்பவள் தாயே என்பதும், பசியோடு விரிவுரைக்கு வந்த மாணவனின் கவனக்குறைவு சோம்பலாகக் கணிக்கப்படக்கூடும் என்பதும் தென் கரோலினாவின் ஆலைக் கிராமங்களுக்கு மாத்திரம் உரிய செய்திகளல்ல. நோயின் மூலத்தை நாடுக என்ற பழைய அறிவுரை நமக்கு உண்டு. அம்மூலம் சில வேளைகளில் நோயாளரின் உடலிலோ மனத்திலோ இல்லை; அவர் கடன் வாங்கும் கடையின் கணக்கேட்டில் இருக்கின்றது. அங்கேயும் சென்று தேடுவதே அறிவுடையார் கடனாகும்.